உடலை வாங்கிக்கொள்ளுங்கள்

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கோரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம். செப்பாக்கத்தை ஒட்டிச் சாம்பல் குளம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட். காட்டுப்பள்ளியில் துறைமுகம், அதை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக ஊதிப் பெருக்க அதானி நிறுவனம் போட்ட திட்டத்துக்குப் பழவேற்காட்டு மீனவர்கள் ஒத்துவராததால், கருத்துக் கேட்புக் கூட்டத்தை அறிவிப்பதும் தள்ளிவைப்பதுமாகக் காலம் போகிறது. ஆலை உண்டு, புகை உண்டு, மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த ஜனம் உண்டு, அந்த மனுக்களை வாங்கி வைக்கக் கலெக்டர் ஆபீஸ் உண்டு. 2018 மே 22க்கு முந்தைய நாள் தூத்துக்குடியில் என்னவெல்லாம் இருந்ததோ, அத்தனையும் இங்கே இருக்கிறது. பாக்கி துப்பாக்கிச் சூடு ஒன்றுதான். அதுவும் ஒருநாள் வரலாம். வந்தால் செத்தவர் வீட்டுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது பொறுப்புள்ள குடிமக்களுக்கு அழகு. எதற்கெல்லாமோ கையேடு போடும் அரசு இதற்கு ஒன்று போடவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

சின்னதாக ஒத்திகை ஒன்று நடந்தும் விட்டது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில், காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் தங்கியிருந்த இடத்தில் தவறி விழுந்து இறந்துபோனார். கூட வேலை பார்த்தவர்கள் இழப்பீடு கேட்டுத் திரண்டார்கள். கல் பறந்தது, கண்ணீர்ப்புகை பறந்தது, கைது நடந்தது. மறுநாள் செய்தி முழுக்கக் கல்தான். செத்தவர் முதல் வரியிலிருந்து மூன்றாவது பத்திக்கு இறங்கி, அப்படியே காணாமல் போனார். மீஞ்சூர் டீக்கடையில் நம் ஆட்கள் என்ன சொன்னார்கள்? "வடக்கனுங்களை இப்படித்தான் அடக்கணும்." போலீஸ் தடிக்கு மொழி தெரியாது என்ற விவரம் நமக்கு இன்னும் உறைக்கவில்லை. தூத்துக்குடியில் அடிவாங்கியவர்கள் அத்தனை பேரும் சுத்தத் தமிழர்கள்.

சரி, கையேட்டுக்கு வருவோம்.

முதலில் உடல். பிணவறை வாசலில் ஏழைக்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான். "உடலை வாங்கமாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை எட்டிப் பார்க்காத ஆர்டிஓ வருவார், தாசில்தார் வருவார், டிஎஸ்பி நாற்காலி போட்டு உட்காரவைத்து "அம்மா" என்று கூப்பிடுவார். பத்து வருஷமாக நீட்டிய மனுவுக்குக் கிடைக்காத மரியாதை, பனிப்பெட்டியில் கிடக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும். இந்த அரசு புதைக்காத பிணத்துக்கு மட்டும்தான் பயப்படும். புதைத்த மறுநாள் நீங்கள் பழையபடி மனுதாரர்.

தூத்துக்குடியிலும் அதையேதான் சொன்னார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராகக் குமரெட்டியாபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் 2018 மே 22. முந்தின இரவு 144 போட்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க நடந்தார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஆலையை மூடு, சுட்டவர்கள்மேல் நடவடிக்கை எடு, பிறகு உடலை வாங்குகிறோம் என்றார்கள் குடும்பத்தார். மறு உத்தரவு வரும்வரை உடல்களைப் பதப்படுத்தி வைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். மே 28ஆம் தேதி ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணை வந்தது. உடல்கள் ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன. கேட்டது இரண்டு, கிடைத்தது ஒன்று. இரண்டாவதைக் கேட்கக் கையில் உடல் இல்லை.

மூடிய ஆலையைத் திறக்க, அதை நடத்திய வேதாந்தா நிறுவனம் பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கி, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆலைக்குக்கூட ஆறே வருஷத்தில் ஒரு முடிவு சொல்லிவிட்டார்கள். இயந்திரம் பாக்கியம் செய்தது.

அடுத்தது தொகை. முதலில் பத்து லட்சம் என்றார்கள்; ஊர் கொந்தளித்ததும் இருபது ஆனது. பின்னால் வந்த விசாரணை ஆணையம் ஐம்பது லட்சமாக்கப் பரிந்துரைத்தது, கொடுத்ததைக் கழித்துக்கொண்டு. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக: 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது வெளிமாநிலத் தொழிலாளர்கள் செத்தபோது மாநில அரசு அறிவித்தது தலைக்குப் பத்து லட்சம். சாரம் விழுந்து சாவதைவிட போலீஸ் சுட்டுச் சாவது குடும்பத்துக்கு லாபம் என்பது இதிலிருந்து தெரியவரும். அதற்காக யாரும் அவசரப்பட வேண்டாம். காசோலையை நீட்டும் கை இன்னொன்றையும் நீட்டுகிறது: அதுதான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன கேட்கிறாய் என்ற கேள்வியை. வாங்கினால் பிள்ளையை விற்றவள் என்று ஊர் பேசும். வாங்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்று ஆபீஸ் பேசும். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து எடுத்த வழக்கை 2018 அக்டோபரிலேயே முடித்துக்கொண்டது. இழப்பீடு கொடுத்தாகிவிட்டது, மாநில அரசு அமைத்த ஆணையம் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் நியாயம். ஐந்தே மாதத்தில் மனித உரிமையின் கணக்கு நேராகிவிட்டது.

வேலையும் கிடைக்கும். அண்ணன் செத்ததற்குத் தம்பிக்கு, கணவன் செத்ததற்கு மனைவிக்கு. பட்டம் படித்தவருக்கும் கிராம உதவியாளர், சமையல் உதவியாளர் என்று முதலில் கொடுத்தார்கள். 2021இல் புதிய அரசு வந்து படிப்புக்கேற்ற பணி ஆணை தந்தது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசு ஊழியராகிவிட்டவர் அரசை எதிர்த்து மைக் பிடிக்க முடியாது. நடத்தை விதி தடுக்கும். குடும்பத்தில் கொஞ்சம் படித்தவர், கொஞ்சம் பேசத் தெரிந்தவர் யாரோ அவரைத்தான் வாரிசாகத் தேர்ந்தெடுத்து மாதச் சம்பளத்துக்குள் உட்காரவைக்கிறார்கள். வழக்குக்கு அலைய வயதான தாய் மிச்சமிருப்பாள்.

யார் சுட உத்தரவிட்டார்கள் என்று தாய் கேட்பாள். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையின்படி உத்தரவு கொடுத்தவர்கள் துணை வட்டாட்சியர்கள். ஒரு துணை தாசில்தாருக்கு இத்தனை அதிகாரம் உண்டென்று தமிழ்நாடு அன்றுதான் தெரிந்துகொண்டது. வாரிசுச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் அலையவிடும் அதே ஆபீஸ், அந்த வாரிசு தேவைப்படுகிற நிலைமையை நிமிஷத்தில் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர்? அவர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். முதலமைச்சர்? எடப்பாடி பழனிசாமி விஷயத்தை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். காவல்துறையைத் தன் கையில் வைத்திருந்த முதலமைச்சருக்கும் கயத்தாறு பேருந்து நிலையத்தில் நின்ற பயணிக்கும் ஒரே நேரத்தில், ஒரே சேனல் வழியாகத் தகவல் போயிருக்கிறது. ஜனநாயகம் என்றால் இதல்லவா.

எப்படிச் சுட்டார்கள் என்றும் கேட்பாள். எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியில் இடுப்புக்குக் கீழே என்றுதான் காவல்துறையின் சொந்த விதிப்புத்தகம் சொல்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் படித்து ராய்ட்டர்ஸ் 2018 டிசம்பரில் எழுதியது: 12 பேருக்குக் குண்டு பாய்ந்தது தலையிலோ நெஞ்சிலோ, அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாலிருந்து. பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பிடரியில். திரேஸ்புரத்தில் மகள் வீட்டுக்கு மீன் எடுத்துக்கொண்டு போன அம்மாவுக்குத் தலையில். தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது காவல்துறை வாதம். ஆக, கொலைவெறியோடு போலீஸை நோக்கிப் பாய்ந்து வந்த கும்பல், முதுகைக் காட்டிக்கொண்டே பாய்ந்து வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆணையம் வரும். ஓய்வு பெற்ற நீதிபதி, கார், சுற்றுலா மாளிகையில் அமர்வு, பிரமாணப் பத்திரம், காலநீட்டிப்பு, மறுபடி காலநீட்டிப்பு. நமக்கு இதில் பழக்கம் உண்டு. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போன ஊர்வலத்தைத் தாமிரபரணிக்குள் அடித்து இறக்கினார்கள்; 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. மோகன் ஆணையம் வந்து, போலீஸ்மேல் தப்பில்லை, தண்ணீர்மேல்தான் தப்பு என்ற மாதிரி எழுதிக் கொடுத்தது. 2011இல் பரமக்குடியில் சுட்டார்கள். சம்பத் ஆணையம் வந்து, சுட்டது சரி என்றது. எனவே ஆணையம் என்றால் வெள்ளையடிக்கிற வேலை என்று நாம் பாட்டுக்கு வைது கொண்டிருந்தோம். நேர்மையான ஒரு நீதிபதி கிடைத்து, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால் போதும், நீதி தானாக நடந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

அந்த நப்பாசைக்கும் கொள்ளி வைத்தார்கள். எப்படி என்று கேளுங்கள்; இந்தக் கையேட்டில் முக்கியமான பக்கம் இதுதான்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, நான்கு வருஷம் கழித்து 2022 மே 18 அன்று அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைத்தார்கள். அதில் வெள்ளை இல்லை. தூண்டுதல் எதுவும் இல்லாமல் சுட்டார்கள் என்றது. ஓடிய கூட்டத்தைக் கலெக்டர் அலுவலகப் பூங்காவுக்குள் மறைந்திருந்து சுட்டார்கள் என்றது. ஒரே காவலர் இடம் மாறி மாறிப் பதினேழு முறை சுட்டதைச் சொன்னது. தென்மண்டல ஐஜி சைலேஷ் குமார் யாதவ், டிஐஜி கபில் குமார் சரத்கர், எஸ்பி மகேந்திரன் தொடங்கிக் காவலர்வரை பதினேழு பேரைப் பெயர் சொல்லி, நடவடிக்கை எடு என்றது. ஆட்சியர் வெங்கடேஷ் தன் கடமையைச் செய்யவில்லை என்றது. டிவி கதைக்கும் பதில் சொன்னது: தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுப்பிரிவு ஐஜியும் முதலமைச்சருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றது.

சரி, என்ன நடந்தது? ஒரு ஆய்வாளர், மூன்று காவலர்கள் என நாலு பேர் தற்காலிகப் பணிநீக்கம். மற்றவர்கள்மேல் துறைவாரி நடவடிக்கை. அதாவது விளக்கம் கேட்டு ஒரு காகிதம் போகும், விளக்கம் சொல்லி ஒரு காகிதம் வரும். அன்றைய ஐஜி பதவி உயர்ந்து கூடுதல் டிஜிபி ஆனார். காவலர் நலப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். மக்கள் நலன் அவருக்குச் சரிப்படாது என்று அரசுக்கே தோன்றியிருக்கலாம். உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டு சிபிஐ எடுத்துக்கொண்ட வழக்கிலோ, போராடியவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. காவல்துறைப் பக்கம் குற்றப்பத்திரிகையில் ஏறியவர் ஒரே ஒரு ஆய்வாளர். செத்தவரின் குடும்பத்தார் அதையும் எதிர்த்து நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

ஆக, ஆணையம் போலீஸ் பக்கம் எழுதினாலும் ஒன்றும் நடக்காது. எதிர்ப்பக்கம் எழுதினாலும் ஒன்றும் நடக்காது. 1952ஆம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டப்படி அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. பரிந்துரைதான், பாயசம் மாதிரி: வேண்டுமென்றால் ஊற்றிக்கொள்ளலாம், போதும் என்று இலையை மடக்கலாம். எதிர்க்கட்சியாக இருந்தபோது திமுக இந்தச் சூட்டுக்காகப் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. 2021இல் ஆட்சிக்கு வந்து, போராட்டக்காரர்கள்மீது இருந்த பல வழக்குகளைத் திரும்பப் பெற்றது, வேலை கொடுத்தது, அறிக்கையை மறைக்காமல் அவையில் வைத்தது. இவையெல்லாம் கணக்கில் சேரட்டும். கொலைவழக்கு என்ற இடம் வந்தபோது மட்டும் பேனா நின்றுவிட்டது. ஒரு முதலமைச்சர் டிவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அடுத்த முதலமைச்சர் அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட வழிதான் வேறு.

இதெல்லாம் நம் நாட்டுச் சாபக்கேடு, வெள்ளைக்காரன் ஊராக இருந்தால் நடக்குமா என்று அங்கலாய்ப்பவர்களுக்காக ஒரு தகவல். வட அயர்லாந்தில் டெர்ரி என்ற ஊரில் 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலம் போனவர்களைச் சுட்டது. செத்தவர்கள் அங்கும் 13. காயம்பட்ட இன்னொருவர் பின்னால் செத்தார். சில வாரங்களிலேயே ஒரு தலைமை நீதிபதி விசாரித்து ராணுவத்தைக் கழுவிவிட்டார். குடும்பங்கள் விடவில்லை. வருஷாவருஷம் அதே பாதையில் நடந்தார்கள். 1998இல் இரண்டாவது விசாரணை தொடங்கி, 2010 ஜூனில் நீதிபதி சாவிலின் அறிக்கை வந்தது: செத்தவர்கள் யாரும் அச்சுறுத்தலாக இருக்கவில்லை என்றது. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகும் கூண்டில் ஏறியது ஒரே ஒரு சிப்பாய். பெயர் தெரியக்கூடாதென்று நீதிமன்றத்துக்குள் அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். 2025 அக்டோபரில் சாட்சியம் போதாதென்று விடுதலை செய்தார்கள். ஐம்பத்து மூன்று வருஷம். நம்மவர்கள் ஏழெட்டு வருஷத்திலேயே பொறுமை இழந்தால் எப்படி?

டெர்ரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். செத்தவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் உண்டு. நடக்கப் பாதை உண்டு. தூத்துக்குடியில் நினைவிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். மே 22 வந்தால் ஊருக்குள் போலீஸ் குவியும். பிள்ளையின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றக்கூட நிபந்தனையோடு அனுமதி வாங்க வேண்டிய நிலைமை. சுட்ட நாளில் காட்டாத எச்சரிக்கையை நினைவு நாளில் காட்டுகிறார்கள்.

இத்தனையும் அரசின் சாமர்த்தியம் மட்டுமில்லை. நம் பங்கும் உண்டு. பிணவறை வாசலுக்கு யார் வரவில்லை? கட்சித் தலைவர்கள் வந்தார்கள். 2018 மே 30 அன்று ரஜினிகாந்த் வந்தார்; ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஓர் இளைஞர் அவரைப் பார்த்து "யார் நீங்க?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அந்த நடிகரிடம் அப்படிக் கேட்க ஒருவன் குண்டடி பட்டிருக்க வேண்டும். வெளியே வந்த நடிகர், போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்; சென்னையில் இறங்கி, எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் நாடு சுடுகாடாகிவிடும் என்றார். நானும் அந்த வாரம் மூன்று கண்டனக் கூட்டத்துக்குப் போய்க் கைதட்டினேன். நாற்காலியை மடக்கியதோடு எல்லோரும் கலைந்தோம்.

வாய்தாவுக்கு யார் வந்தார்கள்? மதுரைக்கு பஸ் ஏறி, நாள் கூலி போய், நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து, மறுதேதி வாங்கித் திரும்பும் தாய்க்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? ஆங்கிலத்தில் வந்த உத்தரவை அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னது யார்? மனித உரிமை ஆணையம் மூடிய கோப்பைத் திறக்கச் சொல்லி மக்கள் கண்காணிப்பகத்தின் ஹென்றி டிபேன் உயர் நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2024 ஜூலையில் நீதிபதிகள் எஸ்.எஸ்.சுந்தர், என்.செந்தில்குமார் அமர்வு, இந்தச் சூடு ஒரு தொழிலதிபரின் விருப்பத்துக்காக நடந்ததுபோல் இருக்கிறதே என்று வெளிப்படையாகவே கேட்டது; சூட்டில் தொடர்புடைய அதிகாரிகளின் சொத்துக்களை ஆராயச் சொல்லி லஞ்ச ஒழிப்புத் துறைக்கு உத்தரவிட்டது. ஊர் பேசிக்கொண்டதை நீதிமன்றம் வாய்விட்டுச் சொல்ல ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் வாய்தா வாய்தாவாக யாரோ ஒரு சிலர் போய் உட்கார்ந்ததால்தான் ஆனது. கண்டனச் சுவரொட்டி ஒட்டியவர்கள் அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் சுவருக்கே வெட்கமாக இருக்கும்.

அரசுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உடலை வாங்கும்வரை ஊரே நிற்கும். வாங்கியபின் பத்துப் பேர் நிற்பார்கள். பத்து வருஷத்தில் ஒரு தாயும் ஒரு வக்கீலும் நிற்பார்கள். அதனால்தான் எந்த ஆட்சி வந்தாலும், எந்த அதிகாரி வந்தாலும், பிணவறை வாசலில் முதலில் கேட்கும் வார்த்தை ஆறுதல் வார்த்தை இல்லை. "உடலை வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. சாம்பல் தண்ணீருக்கோ, துறைமுகத்துக்கோ, செத்துப்போன பக்கத்து அறை ஒடிசாக்காரருக்கோ நியாயம் கேட்டுத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு நீங்கள் மனுவோடு கிளம்பினால், குடும்பத்தோடு போங்கள், தூத்துக்குடிக்காரர்களும் அப்படித்தான் போனார்கள். ஆனால் கிளம்புமுன் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்று பதில் வந்தால், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.